வந்தவர் யார் என்னும் வினா: இடப்பொறுப்புச் சட்டம் பற்றிய ஒரு திறனாய்வு

'விருந்து' என்னும் சொல் புதுமையைக் குறிப்பது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எண்வகை வனப்புகளுள் ஒன்றாக வரும் 'விருந்து', புதுவதாக யாக்கப்படும் செய்யுளையே சுட்டுகிறது. இல்லத்திற்குப் புதிதாக வருபவரை அச்சொல் குறிப்பதும் இப்பொருள் பற்றியே எனலாம். முன்பின் அறியாதவர் என்பதே அவரை ஓம்புவதற்குரிய தகுதியாயிற்று. வள்ளுவர் இல்லறவியலில் அன்புடைமைக்கு அடுத்து ஒன்பதாம் அதிகாரமாக விருந்தோம்பலை வைத்ததன் பொருத்தத்தைத் தமிழாசிரியர்கள் மாணவர்க்கு விளக்காத ஆண்டில்லை.

ஆனால், அவ்வாறு வந்தவர் இற்றுப்போன படியில் கால் வைத்து விழுந்து எலும்பு முறிந்தால், அதற்குப் பொறுப்பு யாருடையது? மூடப்படாத குழி, ஈரமான தரை, வேலி சிதைந்த தண்டவாளம் ஆகியவற்றால் பிறர் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால், அவ்விடத்தைத் தம் ஆளுகையில் வைத்திருப்பவர் இழப்பீடு தரவேண்டுமா? அறநூல் இவ்வினாவை விரித்துரைக்கவில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இதற்கு விடை பகர்வது ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் வழிவந்த நெறியாகும். நாடாளுமன்றம் இயற்றாமல், நீதிமன்றத் தீர்ப்புகளின் வாயிலாக வளர்ந்ததே பொதுச் சட்டம். தீர்ப்புகள் சொற்களால் ஆனவை. ஆதலின் அவற்றைச் சொல்லாராய்ச்சிக்கு உட்படுத்துவது மொழி பயில்வோர்க்குப் புறம்பான பணியன்று. அச்சட்டம் நீண்ட காலம் மூன்று சொற்களின்மீது நின்றது. அம்மூன்று சொற்களும் எதனை அளந்தன, எதனை அளக்கத் தவறின என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

மூன்று சொற்கள்

முதற்கண், பொறுப்புக்குரியவர் யார் என்பது தெளிவாதல் வேண்டும். சட்டம் சுட்டுவது உரிமையாளரை மட்டுமன்று. இடத்தின்மீது ஆளுகை உடையவர் எவரோ அவரையே அது நோக்குகிறது. 1966-இல் பிரிட்டனின் பிரபுக்கள் அவை வழங்கிய ஒரு தீர்ப்பு இதனை உறுதிப்படுத்தியது. மதுவகை வடிக்கும் நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமான விடுதியின் மேல்மாடியில் அதன் மேலாளர் குடியிருந்தார். அங்குக் கட்டணம் செலுத்தித் தங்கியவர் ஒருவர் இரவில் பின்புறப் படிக்கட்டில் விழுந்து இறந்தார். கைப்பிடி இறுதிப் படிவரை நீளவில்லை; மேலே விளக்குக் குமிழும் இல்லை. நிறுவனம், மேலாளர் ஆகிய இரு திறத்தாரும் ஒருங்கே இடப்பொறுப்பாளர் என நீதிபதிகள் முடிவு செய்தனர். எனினும், அவர்கள் கவனக்குறைவாக நடந்தனர் என்பது மெய்ப்பிக்கப்படாமையால் இழப்பீடு கிட்டவில்லை. பொறுப்பாளராக இருப்பது வேறு. பொறுப்பில் தவறுவது வேறு என்பதை இவ்வழக்கு நன்கு விளக்கும்.

இனி, வந்தவரைப் பற்றிய சொற்களைக் காண்போர்க்கு முதலில் எதிர்ப்படுவது 1866-ஆம் ஆண்டின் இண்டர்மோர் எதிர் டேம்ஸ் வழக்காகும். ஒரு சர்க்கரை ஆலைக்கு எரிவாயுக் கருவி தொடர்பான வேலைக்காகச் சென்ற தொழிலாளி, காப்பு வேலியில்லாத திறப்பின் வழியே கீழே விழுந்து காயமுற்றார். அவர் ஆலையின் ஊழியர் அல்லர். எனினும் ஆலையின் தேவைக்காகவே வந்தவர். அத்தகையோரை வழக்கத்திற்கு மாறான இடரிலிருந்து காக்க, இடப்பொறுப்பாளர் தக்க கவனம் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பு உரைத்தது. இவ்வழிவந்த சட்டம், வருவோரை மூவகைப்படுத்தியது.

முதல் வகையினர், இடப்பொறுப்பாளருக்குப் பயன் விளையும் அலுவலாக வருபவர். கடைக்குப் பொருள் வாங்க வருபவரும் குழாயைப் பழுதுபார்க்க வருபவரும் இவ்வகையினர். இவர்பொருட்டு, தாம் அறிந்த இடரை மட்டுமன்றி அறிந்திருக்க வேண்டிய இடரையும் இடப்பொறுப்பாளர் கருத வேண்டும். இரண்டாம் வகையினர், வெறும் இசைவு பெற்று வருபவர். இவருக்கு, தாம் உண்மையிலேயே அறிந்துள்ள மறைவான இடரைப் பற்றி எச்சரித்தால் போதும். மூன்றாம் வகையினர், அத்துமீறி நுழைபவர். இவருக்கு வேண்டுமென்றே தீங்கிழைக்காதிருந்தாலே போதும். அவர் வந்திருப்பது தெரிந்தும் அவர் உயிரைப் பொருட்படுத்தாது நடத்தல் கூடாது என்பதே எல்லை.

இவ்வகைப்பாட்டில், வீட்டுக்கு விருந்துண்ண வரும் நண்பர் எவ்வகையைச் சார்ந்தவர்? முதல் வகை எனவே எவரும் எண்ணுவர். ஆங்கிலத்திலும் முதல் வகையினருக்கு இட்ட பெயர் 'அழைக்கப்பட்டவர்' என்னும் பொருளுடையது. ஆனால், பழைய பொதுச் சட்டத்தின்படி விருந்துண்ண வந்த நண்பர் இரண்டாம் வகையினரே ஆவார். அவர் வருகையால் வீட்டாருக்குப் பொருட்பயன் இல்லை என்பதே காரணம்.

தீபாவளி நாளில் ஒரு வீட்டின் படி இற்றிருப்பதாகக் கொள்வோம். வீட்டார் அதனை அறியார்; சற்றுக் கவனித்திருந்தால் அறிந்திருக்கலாம். குழாய் சரிசெய்ய வந்தவர் அப்படியில் விழுந்தால் அவருக்கு இழப்பீடு உண்டு. இலை போட்டு, வாயில்வரை வந்து கைபிடித்து அழைத்துச் செல்லப்பட்ட நண்பர் அதே படியில் விழுந்தால் அவருக்கு இல்லை. படி ஒன்றே, முறிந்த காலும் ஒத்ததே, வந்த நோக்கமே வேறு. வந்தவரால் வீட்டாருக்கு விளையும் ஆதாயத்தையே இச்சொற்கள் அளந்தன என்பது இதனால் புலனாகும். அழைக்கப்பட்டவர் என்னும் பெயரைத் தாங்கிய வகையில், உண்மையாகவே அழைக்கப்பட்டவருக்கு இடமில்லாது போயிற்று. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே இத்துணைப் பிளவு நேர்ந்த பெயரீடு அரிதாகவே காணப்படும்.

சத்திரம் இல்லாத வழி

மூன்றாம் சொல்லின் கடுமையை உணர்த்துவது 1929-இல் பிரபுக்கள் அவைக்கு வந்த ராபர்ட் ஆடி நிறுவன வழக்காகும். ஸ்காட்லாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்க நிறுவனத்தின் வயலில், கம்பிவடத்தால் இயங்கும் பெருஞ்சக்கரம் ஒன்று இருந்தது. வயலைச் சுற்றியிருந்த வேலியில் இடைவெளிகள் பல. சிறுவர் அங்கு விளையாடுவது வழக்கம். ஊழியர் அவர்களை அவ்வப்போது விரட்டுவதும் வழக்கம். ஒரு நாள் சக்கரம் திடீரென இயக்கப்பட்டபோது நான்கு வயதுச் சிறுவன் அதிற் சிக்கி மாண்டான். சிறுவன் அத்துமீறி நுழைந்தவன் ஆதலின் நிறுவனத்திற்குப் பொறுப்பில்லை என்பதே முடிவாயிற்று.

இத்தீர்ப்பில் டுனெடின் பிரபு ஆண்ட ஓர் உருவகம் திறனாய்வாளர் கருத்தைக் கவரவல்லது. மூவகைகளுக்கும் இடையே உள்ள எல்லை உறுதியானது என்றும், ஒரு வகைக்கும் மற்றொன்றுக்கும் நடுவே பாதிவழித் தங்குமிடம் இல்லை என்றும் அவர் கூறினார். அவர் கையாண்ட ஆங்கிலத் தொடர், பண்டு நெடுவழியின் நடுவே வழிப்போக்கர் தங்கிய சத்திரத்தைக் குறித்ததாகும். வந்தவரை ஏற்பதா விலக்குவதா என ஆராயும் சட்டம், தன் கண்டிப்பை உணர்த்தச் சத்திரத்தையே உருவகமாகக் கொண்டு, அது இல்லை என அறிவித்தது. வழிநடையில் களைத்தவர்க்குச் சத்திரமும் தண்ணீர்ப்பந்தலும் அமைத்தலை அறமாகக் கொண்ட ஒரு மரபில் வந்த வாசகர், இவ்வுருவகத்தை நெருடலின்றிக் கடத்தல் இயலாது.

அவ்வாறு கூறிய நீதிபதி இரக்கமற்றவர் என முடிவு கட்டுதல் நேர்மையாகாது. நிலம் உடையவர் தம் நிலத்தை அச்சமின்றி ஆளவேண்டும். யாருக்கு எவ்வளவு கடமை என்பது முன்னரே திட்டமாகத் தெரியவேண்டும் என்னும் கருத்து அதன் பின்னணியில் உள்ளது. வேலி தாண்டி வரும் ஒவ்வொருவர்க்கும் பொறுப்பேற்க நேர்ந்தால் எளிய குடியானவனும் அல்லற்படுவான். இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும், அத்துமீறல் என்னும் சொல் இரவில் பூட்டை உடைக்கும் கள்வனையும், பந்தைத் துரத்தி ஓடும் நான்கு வயதுப் பிள்ளையையும் ஒரே கூட்டில் அடைத்துவிடுகிறது. பிள்ளை எல்லையை அறியாதவன். மீறுதல் என்னும் வினைக்கு வேண்டிய அறிவே அவனிடம் இல்லை. 'மீறினான்' என்று அவனைச் சொல்வது பொருளற்ற வழக்காகும்.

நீதிபதிகளின் கற்பனை

சத்திரம் இல்லை என்று சொன்ன நீதிமன்றங்களே வேறிடங்களில் அதனை மறைவாகக் கட்டின. 1909-இல் அயர்லாந்து இரயில் நிறுவனம் ஒன்றன்மீது தொடரப்பட்ட வழக்கில், தண்டவாள நிலத்திலிருந்த சுழல்மேடை சிறுவர்க்கு விளையாட்டுப் பொருளாயிற்று. அங்குக் காயமுற்ற சிறுவனை அத்துமீறியவன் என ஒதுக்காமல், நிறுவனத்தின் மறைமுக இசைவு பெற்றவனாகக் கருதி, பிரபுக்கள் அவை அவன் சார்பில் தீர்ப்பளித்தது. குழந்தைகளை ஈர்க்கும் 'கவர்ச்சிப் பொருள்' என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

1922-இல் சட்ட அறிக்கையில் இடம்பெற்ற கிளாஸ்கோ மாநகராட்சி வழக்கு இதனினும் நெஞ்சை வருத்துவது. பொதுப் பூங்காவில் ஏழு வயதுச் சிறுவன், பார்ப்பதற்கு இனிய கனி போலிருந்த நச்சுப் பழங்களை உண்டு இறந்தான். வேலியோ தெளிவான எச்சரிக்கையோ அங்கு இல்லையென்பது தந்தையின் முறையீடு. அம்முறையீடு விசாரணைக்கு உரியதே எனப் பிரபுக்கள் அவை ஏற்றது. பெரியவர்க்குச் செடியாகத் தோன்றுவது சிறுவனுக்கு வலையாகும் என்பதை நீதிமன்றம் உணர்ந்த இடம் இது.

ஆடி வழக்கின் தீர்ப்பு வந்த சிறிது காலத்திற்குள், 1930-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் மற்றொரு கம்பிவட வழக்கு இடம்பெற்றது. அங்கும் சிறுவர் இயந்திரத்தில் சிக்கிக் காயமுற்றனர். அங்கு இழப்பீடு கிடைத்தது. இயக்குமுன் சிறுவர் அருகில் உள்ளனரா எனப் பார்த்திருக்க வேண்டும் என்பது காரணமாகக் காட்டப்பட்டது. ஏறத்தாழ ஒத்த இயந்திரம், ஒத்த சிறுவர், மாறுபட்ட முடிவு. திட்டமான எல்லை வேண்டும் என்பதற்காகவே காக்கப்பட்ட மூன்று சொற்களால் அத்திட்டத்தையும் தரமுடியவில்லை.

நீதிபதிகளின் இரக்கம் சொல்லின் விறைப்பை எதிர்கொண்டபோது, சொல்லை மாற்றாமல் உண்மையை வளைத்தனர். இசைவு தராத இடத்தில் இசைவு தந்ததாகக் கொள்ளப்பட்டது. இலக்கியத்திற் கற்பனை உண்மையை ஒளிபெறச் செய்யும். சட்டத்திற் புகுந்த இக்கற்பனையோ உண்மையான காரணத்தை மறைத்தது. பிள்ளை என்பதால் காக்கிறோம் என வெளிப்படக் கூறாமல், இசைவு பெற்றவன் என்பதால் காக்கிறோம் எனக் கூறும் நிலை எழுந்தது. நன்முடிவாயினும் அதற்குப் பொய்க்காரணம் கூறப்படின், அடுத்த வழக்கில் அம்முடிவு நிலைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

மாந்தநேயம் என்னும் சொல்

இந்நிலை 1972-இல் மாறியது. இலண்டனின் தென்புறத்தே மிச்சம் பகுதியில், மின்சாரம் பாயும் இரயில் தண்டவாளத்தின் வேலி மிதிபட்டுச் சாய்ந்திருந்தது. மக்கள் அதனைக் குறுக்குவழியாகப் பயன்படுத்தினர். தண்டவாளத்தில் சிறுவர் காணப்பட்டதாக நிலைய அதிகாரிக்குச் செய்தியும் சென்றிருந்தது. வேலி செப்பனிடப்படவில்லை. 1965-இல் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் அவ்வழியே சென்று மின்சாரம் பாயும் தண்டவாளத்தில் பட்டுக் கடுந்தீக்காயம் அடைந்தான். ஆடி வழக்கின் விதிப்படி அவன் அத்துமீறியவனே. ஆயினும் பிரபுக்கள் அவை இரயில்வே வாரியத்தைப் பொறுப்பாக்கியது.

அத்தீர்ப்பிற் புதிதாக அரியணை ஏறிய சொல் 'பொது மாந்தநேயம்' என்பது. அத்துமீறியவனும் மனிதன், அவன் வரக்கூடும் என அறிந்தும், கொடிய இடரை அறிந்தும், தம் ஆற்றலுக்கு இயன்ற எளிய காப்பைச் செய்யாதவர் பொறுப்பாவர் என்பது அதன் சாரம். இடப்பொறுப்பாளரின் அறிவும் வசதியும் இதிற் கணக்கிடப்படும். செல்வம் மிக்க வாரியத்திற்கும் எளிய குடியானவனுக்கும் ஒரே சுமை ஏற்றப்படவில்லை. ஆடி வழக்கின் அச்சத்திற்கு இதுவே தக்க மறுமொழியாக அமைந்தது.

இச்சொல்லும் குறையற்றதன்று. மாந்தநேயம் உணர்வைச் சுட்டும், அளவைச் சுட்டாது. எவ்வளவு செய்தால் மாந்தநேயம் நிறைவுறும் என்பது நீதிபதிக்கு நீதிபதி வேறுபடலாம். இதனாலேயே 1984-இல் பிரிட்டனின் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அதனை வரையறுத்தது. இடர் இருப்பதை இடப்பொறுப்பாளர் அறிந்திருத்தல் அல்லது அறியத்தக்க காரணம் இருத்தல். பிறர் அவ்விடரை அணுகக்கூடும் என்பதும் அவ்வாறே புலப்பட்டிருத்தல். அவ்விடரிலிருந்து காப்பளிக்குமாறு எதிர்பார்ப்பது நியாயமாதல் ஆகிய மூன்றும் கூடியவழிக் கடமை பிறக்கும். முறையாக வருவோரைப் பொறுத்தவரை 1957-ஆம் ஆண்டுச் சட்டமே முதலிரு வகைகளையும் இணைத்துப் பொதுக் கவனக் கடமை ஒன்றை நிறுவியிருந்தது. சிறுவர் பெரியவரினும் கவனக்குறைவு உடையவராயிருப்பர் என்பதை எதிர்பார்க்க வேண்டும் என்றும், எச்சரிக்கைப் பலகை வந்தவரைப் போதிய அளவு காக்குமாயின் மட்டுமே பயன்படும் என்றும் அச்சட்டம் வகுத்தது. விருந்துண்ண வந்த நண்பர் அங்கு 1957-இல்தான் குழாய் சரிசெய்ய வந்தவருக்கு நிகராயினார்.

ஓராண்டு இடைவெளி

மலேசியாவின் நிலையை ஒரு நாள் தீர்மானித்தது. 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, தீபகற்ப மலேசியாவைப் பொறுத்தவரை 1956 ஏப்ரல் 7-ஆம் நாள் இங்கிலாந்தில் வழங்கிய பொதுச் சட்டத்தை எல்லையாகக் கொண்டது. சாபாவிற்கும் சரவாக்கிற்கும் உரிய நாள்கள் இன்னும் முந்தியவை. இங்கிலாந்து தன் மூவகைப்பாட்டைத் திருத்தியது அதற்கு அடுத்த ஆண்டில். தாயகத்திற் கைவிடப்படவிருந்த அளவுகோலே இங்கு வந்து தங்கியது. அதன்பின் எழுந்த ஆங்கிலத் தீர்ப்புகளுக்கு இங்கு வழிகாட்டும் மதிப்பு உண்டு; கட்டுப்படுத்தும் ஆற்றல் இல்லை. இத்துறைக்கெனப் பிரிட்டன் இயற்றியது போன்ற தனிச் சட்டத்தை மலேசிய நாடாளுமன்றம் இயற்றவில்லை.

பிற நாட்டு நீதிமன்றங்கள் சட்டமன்றத்திற்குக் காத்திராமல் வழி கண்டதும் உண்டு. மழைநாளில் பேரங்காடியின் ஈரத்தரையில் வழுக்கி விழுந்த வாடிக்கையாளர் ஒருவரின் வழக்கில், 1987-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தனி வகைப்பாட்டை நீக்கி, பொதுவான கவனக்குறைவுச் சட்டத்தையே போதுமானதாகக் கொண்டது. சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2013-இல் அவ்வழியே சென்றது. வந்த நோக்கம் அங்கு முற்றாகப் புறக்கணிக்கப்படவில்லை. நீதிபதி எடைபோடும் காரணங்களுள் ஒன்றாக அது நின்றது. வாயிலைக் காத்த சொல், உள்ளே வந்து மற்றவற்றோடு அமர்ந்தது எனலாம்.

இம்மாற்றம் வந்தவர் கேட்பதையெல்லாம் தருவதன்று என்பதற்கு 2003-ஆம் ஆண்டின் காங்கில்டன் வழக்கு சான்றாகும். இங்கிலாந்தில் ஒரு பொதுப் பூங்காவின் ஏரியில், நீந்துதல் கூடாது எனப் பலகை நாட்டப்பட்டிருந்தது. பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் ஆழமற்ற நீரிற் பாய்ந்து, தலை அடிமணலில் மோதிக் கழுத்து முறிந்து முடமானார். இழப்பீடு மறுக்கப்பட்டது. வெளிப்படையான இடரை வளர்ந்தவர் ஒருவர் தாமே மேற்கொண்டால் அதற்கு ஊராட்சி பொறுப்பாகாது. சிலரின் துணிச்சலுக்காக ஏரிக்கரையின் இன்பத்தைப் பலர் இழக்க வேண்டியதில்லை என்பது கருத்து. முடிவு துயரமானது, ஆயினும் வழி செம்மையானது. இளைஞர் எந்த வகையினர் என்பதோடு நீதிபதிகள் நின்றுவிடவில்லை. இடர் எத்தகையது, அவர் அதனை அறியவல்லவரா, காப்பதற்கு என்ன விலை என்பவற்றை ஆராய்ந்தபின்னரே மறுத்தனர்.

மொழி பயில்வோர்க்கு

இச்சட்டத்தின் வரலாறு, சொல்லாட்சியின் வலிமைக்கு ஒரு பாடமாகும். முதல் வகையினரைத் தமிழில் 'அழைப்பாளர்' என மொழிபெயர்த்தால் அது அழைப்பவரையே குறித்துவிடும். சொல்லின் வேறுபாட்டில் கடமைப்பட்டவரும் காக்கப்படுபவரும் இடம் மாறுவர். 'அழைக்கப்பட்டவர்' என்றால் ஆங்கிலத்தின் பழைய பிழை தமிழிலும் குடியேறும். 'அலுவல்வழி வருபவர்' என்பது செம்மையில் குறைந்ததாயினும் உண்மையில் நிறைந்தது. மூன்றாம் சொல்லுக்கு 'அத்துமீறியவர்' என்பது பொருந்தும், ஆனால் சிறுவனைப் பற்றி எழுதுங்கால் 'இசைவின்றி நுழைந்தவன்' என்றெழுதினால் நிகழ்ச்சி மட்டுமே கூறப்படும், குற்றம் ஏற்றப்படாது. மொழிபெயர்ப்பாளரின் பேனா இத்துணை நுண்மையான தீர்ப்பை நாள்தோறும் வழங்குகிறது.

பள்ளி, கோயில், சங்கக் கட்டடம் ஆகிய யாவும் பிறர் கால்படும் இடங்களே. மூடியற்ற வடிகாலும் ஆட்டம் கண்ட கைப்பிடியும் அங்கும் உண்டு. நான்கு மொழிகளில் எழுதிய தடைப்பலகை எழுத்தறியாப் பிள்ளைக்கு ஒரு மொழியிலும் பேசாது. அங்குப் பொறுப்பில் இருப்போர் சட்டத்தின் மிகக் குறைந்த எல்லையைத் தேடிக் கண்டு அதனோடு அமைதல் விருந்தோம்பல் கற்பிக்கும் சமுதாயத்திற்கு அழகாகாது.

வந்தவர் யார் எனக் கேட்பதில் தவறில்லை. அதனை முதல் வினாவாக வைத்ததே தவறு. விழுந்தவரைத் தூக்கியபின் படியைப் பார்த்தல் வேண்டும். அது இற்றிருந்ததை அறிந்தவர் யார், செப்பனிட வல்லவர் யார் எனக் கேட்டல் வேண்டும். அவர் எதற்காக வந்தார் என்னும் வினாவுக்கு அதன்பின்னரும் நேரம் உண்டு.